படத்தின் மூலை

எடிசன், நியூ ஜெர்சி
22 ஜனவரி 2025

பர்வதம் அக்கா,

இத்துடன் என் முதல் படம். எட்டுக்குப் பத்து அங்குலம், ஓரம் வெட்டாதது. பேசிக்கொண்டபடி பின்பக்கத்தில் தேதியும் இடமும் பென்சிலில் எழுதியிருக்கிறேன். வாட்ஸப்பில் அனுப்பியிருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் போனில் பார்த்தால் எல்லாப் படமும் நன்றாகத்தான் இருக்கும், காகிதத்தில் அச்சிட்டால்தான் சாயம் வெளுக்கும் என்று நாம்தானே முடிவு செய்தோம். அதனால் தபால், தபாலோடு ஒரு கடிதம். என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடமாக எக்ஸ்ரே படங்களில் இடது, வலது என்று எழுதுவதைத் தவிர இந்தக் கைக்கு வேறு வேலை கொடுக்கவில்லை.

நம் கண்காட்சியை ஏற்பாடு செய்கிற தீக்ஷா டெக்சஸ் இர்விங்கிலிருந்து கூப்பிட்டாள். நூலகத்து அறை உறுதியாகிவிட்டதாம். மார்ச் 29 திறப்பு, சித்திரை முதல் நாள் வரை இருக்கும். ஆளுக்குப் பன்னிரண்டு படம், எதிரெதிர்ச் சுவர். கண்காட்சிக்கு ‘தை முதல் சித்திரை வரை’ என்று பெயரும் வைத்துவிட்டாள். "ஆன்ட்டி, விண்டர் டு ஸ்ப்ரிங்னு போட்டா எல்லாரும் போடற மாதிரி இருக்கு. தமிழ் மாசம் போட்டா செமயா இருக்கும்" என்றாள். வாசலில் மாட்டப்போவது நீங்கள் எழுதிய வாக்கியம்தான்: ‘இந்தப் படங்களில் எதுவும் தொடப்படவில்லை, நகர்த்தப்படவில்லை.’ நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

படத்தில் இருப்பது விட்ச் ஹேசல் என்ற புதர். இங்கே எல்லாம் மொட்டையாக நிற்கிற ஜனவரியில் இது மட்டும் மஞ்சளாகப் பூக்கும். ஞாயிற்றுக்கிழமை பனிக்கு மறுநாள் காலை எடுத்தேன்.

உங்கள் ஊரில் குளிர்காலம் என்பது ஸ்வெட்டரைத் தேடி எடுப்பதோடு முடிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு படம் எப்படித் தேற்றப்போகிறீர்களோ.

ஜெயலீலா


சான்டா கிளாரா
2 பிப்ரவரி 2025

ஜெயலீலா,

உன் படத்தைச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே வைத்திருக்கிறேன். மற்ற கிளைகளெல்லாம் பனியில் புதைந்திருக்க, அந்த ஒரு கிளையை மட்டும் பனி விட்டுவைத்திருக்கிறதே, அதுதான் அழகு. உனக்கு எப்போதும் அதிர்ஷ்டம் உண்டு.

கேலி செய்தாய் அல்லவா, கேள். இங்கே பிளம் மரங்கள் பூத்து உதிரவும் ஆரம்பித்துவிட்டன. மலைச்சரிவு முழுக்கக் கடுகுப்பூ. இது குளிர்காலமா வசந்தமா என்று மரத்துக்கே குழப்பம். அதைவிடப் பெரிய செய்தி, எங்கள் அபார்ட்மென்ட் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்து எலுமிச்சை மரத்தில் ஹம்மிங்பேர்ட் என்ற குட்டிப் பறவை ஒன்று கூடு கட்டியிருக்கிறது. பாதி அக்ரூட் ஓடு அளவுதான் கூடு. சிலந்தி நூலால் ஒட்டிக் கட்டியிருக்கிறது. தாய் உட்கார்ந்தபடியே இருக்கிறது.

அனன்யா பார்த்துவிட்டு, "Amma, just use your phone, nobody will know" என்றாள். பெண்ணைப் பெற்று வளர்த்தாலும் சில விஷயங்களைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன். இருபத்தாறு வருடம் நான் அவருக்குக் கேமரா முக்காலி தூக்கினேன். நியூ ஜெர்சியில் ஒரு சதுப்பு நிலம் பாக்கி இல்லை. ‘படம்: வாஞ்சிநாதன்’ என்று எத்தனை சுவரில் பார்த்திருப்பாய். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. ‘படம்: பர்வதம்’ என்று எழுதி, அதன் முன்னால் நாலு பேர் நிற்கும்படி ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும். எனக்கு அறுபத்திரண்டு வயது. இதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

பர்வதம்


சான்டா கிளாரா
9 பிப்ரவரி 2025

ஜெயலீலா,

உன் பதில் வருவதற்குள் இன்னொன்று. ஆறாம் தேதி குஞ்சு பொரித்துவிட்டது. இரண்டு. தாய் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வந்து ஊட்டுகிறது.

ஆனால் கூட்டுக்கு நேர் மேலே ஓர் இலை குடைபோல் கவிந்திருக்கிறது. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அது மறைக்கிறது. மூன்று நாளாக நிற்கிறேன். என்னிடம் இருப்பது நாற்பது இலைப் படங்கள்.

இணைத்திருப்பது அதில் ஒன்று. சிரிக்காதே.

பர்வதம்


எடிசன்
15 பிப்ரவரி 2025

அக்கா,

சிரிக்கவில்லை. இலை நன்றாக இருக்கிறது. அதன் கீழே தாயின் வால் நுனி தெரிகிறது. கூட்டைக் காட்டாமலே கூடு இருப்பது தெரிகிறது. எனக்கு இது போதும்.

அந்த இலையைத் தொட மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். காற்று வரும், இலை விலகும், ஒரு நொடி கிடைக்கும். கிடைக்காவிட்டால் கிடைக்காத படத்தையே மாட்டுவோம். உங்களை அவசரப்படுத்த யாரும் இல்லை.

இங்கே நாள் முழுக்க ஐஸ் மழை. ஓடையில் வாத்துகள்கூட இறங்கவில்லை. நேற்று ஓடைக்கரையில் சிவப்பு மேப்பிளின் மொட்டுகள் லேசாகத் தடித்திருப்பதைப் பார்த்தேன். மற்றவர்களிடம் சொன்னால் ஒன்றும் தெரியவில்லையே என்பார்கள். உங்களுக்குத் தெரியும்.

ஜெயலீலா


சான்டா கிளாரா
22 பிப்ரவரி 2025

ஜெயலீலா,

உருளையைக் கவனமாகப் பிரி. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் அச்சிட்டிருக்கிறேன். சின்னதாகப் போட மனம் வரவில்லை.

கிடைத்துவிட்டது. பதினான்காம் தேதி காலை ஒன்பதே கால். தாய் வந்து அந்தரத்தில் நிற்கிறது, இரண்டு குஞ்சும் வாயைத் திறந்து கழுத்தை நீட்டுகின்றன. நானே எடுத்தேன் என்று எனக்கே நம்பிக்கை வர நேரமானது. அனன்யா படத்தைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள். பிறகு, "அப்பா எடுத்ததெல்லாத்தையும் விட பெட்டர்மா" என்று தமிழிலேயே சொன்னாள். பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

ஸ்கேன் செய்து தீக்ஷாவுக்கும் அனுப்பினேன். போஸ்டருக்கு இதுதான் என்று முடிவு செய்து அச்சுக்கும் கொடுத்துவிட்டாள்.

உன் கடிதம் படம் எடுத்த பிறகுதான் கைக்கு வந்தது. குஞ்சுகள் பதினேழாம் தேதியே பறந்துவிட்டன. மரம் இப்போது காலி.

பர்வதம்


எடிசன்
2 மார்ச் 2025

அக்கா,

படம் வந்து நான்கு நாள் ஆயிற்று. உடனே எழுதாததற்குக் காரணம் உண்டு.

இது நல்ல படம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல முடியாது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். மார்பு எக்ஸ்ரே எடுக்க நம் ஊர்ப் பெண்கள் வருவார்கள். சங்கிலி, தோடு எல்லாம் கழற்றச் சொல்வேன், கழற்றுவார்கள். சங்கிலியிலும் வளையலிலும் கோத்து வைத்த ஊக்குகளையும் கழற்றுவார்கள். உள்ளே ரவிக்கையில் ஒன்று குத்தியிருப்பதை மட்டும் மறந்துவிடுவார்கள். படத்தில் நுரையீரலுக்கு முன்னால் அதுதான் தெரியும். ஆகவே எந்தப் படத்தையும் நான் மூலையிலிருந்துதான் பார்க்க ஆரம்பிப்பேன்.

உங்கள் படத்தின் இடது மேல் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. முதலில் பனித்துளி என்று நினைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஊக்கு. இலையை மேலே மடித்து இன்னொரு இலையோடு சேர்த்துக் குத்தியிருக்கிறது. உங்கள் வளையலில் எப்போதும் நான்கு தொங்கும்.

இன்னொன்று. ஆறாம் தேதி பொரித்தவை பதினேழாம் தேதி பறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பதினொரு நாள். இந்தப் பறவை பறக்க ஏறக்குறைய மூன்று வாரம் வேண்டும். புத்தகத்தில் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், அல்லது வாசலில் இருக்கும் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே அறையில் இருக்குமானால் என் பன்னிரண்டு படங்கள் இர்விங்குக்கு வராது.

ஜெயலீலா


சான்டா கிளாரா
9 மார்ச் 2025

ஜெயலீலா அவர்களுக்கு,

தீர்ப்பு கிடைத்தது.

எங்கள் எடிசன் வீட்டுக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறீர்கள். ஃபிரிட்ஜில் தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா இருக்கும். மூடியில் ஓட்டை போட்டது. உள்ளே தும்பி. குளிரில் அது விறைத்துப்போன பிறகு எடுத்துப் புல்நுனியில் உட்காரவைத்து, பூத்தெளிப்பானால் தண்ணீர் அடித்து, ‘அதிகாலைப் பனியில் தும்பி’ என்று எடுப்பார். ஃபோட்டோ கிளப்பில் பரிசு கொடுத்தார்கள். முதல் வரிசையில் எழுந்து நின்று கை தட்டியவர் நீங்கள். தும்பி பிழைத்ததா என்று அன்றைக்கு யாராவது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தீர்களா?

அவர் செய்தால் கலை. நான் ஓர் இலையை நகர்த்தினால் குற்றம். முக்காலி தூக்குகிறவள் முக்காலி தூக்கினால் போதும், இல்லையா?

நீங்கள் ஒரு பூவுக்கு மேலிருந்து பனியைத் தட்டிவிட்டதே இல்லையா? ஒரு சருகை விலக்கியதே இல்லையா? பதில் எழுதுங்கள்.

போஸ்டர் அச்சாகி வந்துவிட்டது. படம் இருக்கும். உங்கள் படங்களை அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம்.

பர்வதம் வாஞ்சிநாதன்


எடிசன்
15 மார்ச் 2025

அக்கா,

என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஐம்பத்தொரு வயதில் உங்களிடமிருந்து இந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

தும்பி டப்பாவைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கை தட்டினேன். அவர் கிளப்பின் தலைவர். நான் புதிதாகச் சேர்ந்தவள். கேமராவைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே வாஞ்சி சார்தான். கேட்கத் தைரியம் இல்லை. அது என் தப்பு, அதற்குச் சமாதானம் வைத்திருக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு நீங்கள் கை தட்டவில்லை. மண்டபத்தின் பின்னால் முக்காலியை மடித்துக்கொண்டு இருந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். ‘தொடப்படவில்லை, நகர்த்தப்படவில்லை’ என்று நீங்கள் எழுதி அனுப்பியபோது எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வந்தது. அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.

என் முடிவில் மாற்றம் இல்லை.

இங்கே பனி கரைந்துவிட்டது. ஓடைப் பக்கம் சாயங்காலத்தில் தவளைகள் கத்த ஆரம்பித்திருக்கின்றன. எட்டு படம் தேறியிருக்கிறது. யாருக்காக எடுக்கிறேன் என்று தெரியாமல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெயலீலா


இர்விங், டெக்சஸ்
30 மார்ச் 2025

ஜெயலீலா,

தீக்ஷாவின் அபார்ட்மென்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று திறப்பு முடிந்தது.

நீ என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நான் சொல்கிறேன்.

பதினான்காம் தேதி இலையை மடித்து ஊக்கைக் குத்தினேன். படம் கிடைத்தது. அப்போதே எடுத்திருக்கலாம். மறுநாள் இதைவிட நல்லதாக ஒன்று கிடைக்கும் என்று விட்டுவிட்டு வந்தேன். மறந்துபோகவில்லை, வேண்டுமென்றே விட்டேன். பதினாறாம் தேதி மழை பிடித்தது. ஒரு குடையோடு போய் ஊக்கைக் கழற்றிவிட்டு வர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஈரத்தில் கேமரா கெட்டுவிடும் என்று நான் போகவே இல்லை. கேமரா இல்லாமல் போகலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இப்போதும் என்னை உறுத்துகிறது.

பதினேழாம் தேதி காலை கூட்டில் ஒரு குஞ்சு நனைந்து செத்துக் கிடந்தது. இன்னொன்றைக் காணவில்லை. குஞ்சுகளைத் தூக்கும் ஜே என்ற நீலப் பறவை ஒன்று கார் கொட்டகை மேல் உட்கார்ந்திருந்தது. அதுதான் தூக்கியதா என்று பார்க்கவில்லை. தாய் இரண்டு முறை வந்து கூட்டுக்கு மேலே நின்றுவிட்டுப் போயிற்று. என் கை தன்னால் கேமராவைத் தூக்கி ஒரு படம் எடுத்துவிட்டது. பிறகுதான் ஊக்கைக் கழற்றினேன். இலை உடனே பழைய இடத்துக்கு வரவில்லை. மடித்த கோடு அப்படியே நின்றது.

உன் கடைசிக் கடிதத்தை விமானத்தில் மறுபடி படித்தேன். அந்த மண்டபத்தில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

இங்கே வந்ததும் தீக்ஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆன்ட்டி, போஸ்டர் இருநூறு இடத்துல ஒட்டியாச்சு, இப்ப போய் எடுக்க முடியாது" என்றாள். பிறகு, "நீங்க சொல்லலைன்னா யாருக்குமே தெரியாதே ஆன்ட்டி" என்றாள். அனன்யா சொன்ன அதே வாக்கியம்.

அதனால் எடுக்கவில்லை. பெரிய படத்துக்குப் பக்கத்தில், அதே அளவில், பதினேழாம் தேதிப் படத்தையும் மாட்டச் சொன்னேன். செத்த குஞ்சோடு கூடு, மடித்த இலை, நடுவில் ஊக்கு. அதில் ஊக்கு மூலையில் இல்லை. கீழே அச்சடித்து ஒட்டினேன்: ‘இலையை விலக்கி ஊக்குக் குத்தியது நான். மூன்று நாள் கழித்து எடுத்த படம் பக்கத்தில். பர்வதம்.’ வாசல் வாக்கியத்தை நானே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நேற்று நூறு பேராவது வந்திருப்பார்கள். எல்லாரும் அந்த இரண்டு படத்தின் முன்னால்தான் நின்றார்கள். நாலு பேர் நிற்க வேண்டும் என்று கேட்டேன் அல்லவா, நின்றார்கள். ஒருத்தர்கூடப் பாராட்டவில்லை. ஓர் அம்மா, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தவர், கீழே இருந்ததைப் படித்துவிட்டுத் தன் வளையலில் தொங்கிய ஊக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

இன்று காலை புளூபானெட் பூக்களைப் பார்க்க ஃப்ரீவே ஓரம் போனோம். சரிவு முழுக்க நீலம். நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து, பட்டுப்பாவாடை போட்ட குழந்தைகளைப் பூவுக்கு நடுவில் உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்கள். ஒருவர் என் கேமராவைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஒரு ஃபேமிலி ஃபோட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்றார். ஏற்கெனவே நசுங்கிக் கிடந்த ஓர் இடத்தைக் காட்டி, "அங்க உக்காருங்க" என்றேன். "அந்த இடம் நல்லா இல்லையே ஆன்ட்டி" என்றார். "எனக்கு அங்கதான் எடுக்க வரும்" என்றேன். உட்கார்ந்தார்கள்.

எதிர்ச்சுவர் காலியாக இருக்கிறது. உன் பெயர் எழுதிய அட்டையை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அனுப்பு என்று கேட்கவில்லை.

பர்வதம்


எடிசன்
6 ஏப்ரல் 2025

அக்கா,

நேற்று பதினோரு படங்களை இர்விங்குக்கு அனுப்பிவிட்டேன். சித்திரைக்கு ஐந்து நாள் முன்னதாகப் போய்ச் சேரும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். தீக்ஷாவிடம் பேசிவிட்டேன்.

பன்னிரண்டாவது உங்களிடம் இருக்கிறது. ஜனவரியில் அனுப்பிய முதல் படம், சாப்பாட்டு மேஜைக்கு எதிரே வைத்திருப்பதாக எழுதினீர்களே, அது.

எங்களுக்கு இது தவக்காலம். ஈஸ்டருக்கு முன் கோயிலில் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்வது. போன வாரம் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது இதைத்தான் சொல்ல நினைத்தேன். ஃபாதருக்கு விட்ச் ஹேசல் பற்றி விளக்குவதற்குள் பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள் என்று வேறு எதையோ சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

மார்ச்சில் நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். பனியைத் தட்டிவிட்டதே இல்லையா, சருகை விலக்கியதே இல்லையா. நான் தும்பியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன், அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை. நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

அந்த ஒரு கிளையை மட்டும் பனி விட்டுவைக்கவில்லை. எல்லாக் கிளையும் ஒரே மாதிரிதான் மூடியிருந்தது. அது எனக்கு அதிர்ஷ்டமும் இல்லை. நீங்கள் அப்படி எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். பனியைத் தட்டியதில் எந்த உயிரும் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு மார்ச் இரண்டாம் தேதி அந்தக் கடிதத்தை எழுதும்போதும் சொல்லிக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் படத்தை எடுத்துப் பாருங்கள். முழுப் படத்தையும் பார்க்க வேண்டாம். வலது கீழ் மூலை. பட்டையில் ஒரு மெரூன் நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். என் கையுறையின் நூல் அது. போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் பின்னி அனுப்பியது.

தபாலில் போடுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டேன் அக்கா. நான்தான் எப்போதும் மூலையிலிருந்து பார்க்கிறவள்.

அதையும் இர்விங்குக்கு அனுப்பிவிடுங்கள். கீழே என்ன எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள்.

ஜெயலீலா